டீசல் டேங்குக்கு ஒரு பூட்டு

எங்கள் தொழிலில் டீசல் பிக்கப்பின் மைலேஜ் குறைந்தால் முதலில் கழற்றப்படுவது டிரைவரின் மானம்தான். ஏர் ஃபில்டரெல்லாம் அதற்குப் பிறகு. பிக்கப்பை வைத்து மாரடிப்பவர்களே, ஓட்டிப் பிழைப்பவர்களே, உங்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆரப்பாளையத்தில் ஷெட் வைத்திருக்கும் நான் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

டவுனுக்குள் ஏது ஐந்தாவது கியர்

ஜெயசீலன் சார் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர். திருமங்கலம், உசிலம்பட்டி என்று கல்யாண வீடுகளுக்குச் சாமான் ஏற்றிப் போக ஒரு பிக்கப் வைத்திருந்தார். லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் கொடுத்த வண்டி பத்துக்கு இறங்கிவிட்டது என்று ஒருநாள் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். டிரைவர் பாண்டியைக் கூட்டி வரவில்லை. அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஏர் ஃபில்டரை ஊதினேன். டயரில் காற்று பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று சக்கரங்களைத் தூக்கிச் சுற்றினேன். டீசல் ஒழுகலும் இல்லை. ஒரு ரவுண்டு ஓட்டியும் பார்த்தேன். எங்கள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வண்டி ஓட்டும்போது மூன்றாவது கியர் விழுந்தாலே பெரிய யோகம், ஐந்தாவதைப் போட்டுப் பார்க்க இடம் ஏது? டிரைவரோடு அனுப்புங்கள், லோடு ஏற்றி நான்கு வழிச் சாலையில் ஓட்டிப் பார்ப்போம் என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை.

"வண்டில ஒண்ணுமில்லேன்னா வேற எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி."

மூடியைப் பிடித்த கை

அடுத்த வாரம் பாண்டியையே ஓட்டச் சொல்லி வந்தார். டீசல் டேங்கின் மூடிக்குக் கொண்டி வைத்துப் பூட்டுப் போட வேண்டுமாம். எனக்கு அந்த வேலை பிடிக்கவேயில்லை. ஆனாலும் செய்தேன். நான் போல்ட்டை முறுக்க, மூடி அசையாமல் பிடித்துக்கொண்டவன் பாண்டிதான்.

சார் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கிளட்சு, கியரில் ஏதும் கோளாறு இருக்கிறதா என்று அவனிடம் கேட்டேன். வண்டி தங்கமாய் ஓடுகிறது என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் மனசு சரியில்லை போல என்று விட்டுவிட்டேன்.

"நல்லா முறுக்குங்கண்ணே. பூட்டு இருந்தா எனக்கும் நல்லதுதான். இனியாவது எம்மேல சந்தேகம் வராதுல்ல."

நான் எதற்கு மெக்கானிக்

சாவி சாரின் சட்டைப் பையில். பங்க்கில் டீசல் அடிக்கும்போதும் அவரே கூடப் போய் நின்றார். மைலேஜ் பத்திலிருந்து ஏறவில்லை. பூட்டுப் போட்டும் குறைகிறது என்றால் இவன் லேசுப்பட்ட ஆளில்லை என்று முடிவுகட்டி, பாண்டியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

வண்டியூரில் இன்னொருவர் அவனை வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னாராம். பழைய முதலாளியிடம் போனில் விசாரித்துவிட்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். பாண்டி நேரே என் ஷெட்டுக்கு வந்து நின்றான். வேலை போனது போகட்டும், டீசல் திருடவில்லை என்று எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றான். பாவமாக இருந்தது. கையெல்லாம் கிரீஸ், அதனால் ஸ்பீக்கரில் போட்டே சாரிடம் பேசினேன். அவர் சொன்ன பதிலைப் பாண்டியும் கேட்டான்.

"தம்பி, நீங்க வண்டிக்குத்தான் மெக்கானிக். ஆளுக்கில்ல."

ரப்பர் மேட்டுக்கு அடியில்

புது டிரைவருக்கும் அதே பத்துதான். அவன் பயப்படாத ஆள். ஐந்தாவது கியர் போட்டால் நிற்க மாட்டேன் என்கிறது என்று தானே வண்டியைக் கொண்டுவந்தான். லோடோடு செக்கானூரணி தாண்டி ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவதைப் போட்டு ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் வெளியே துள்ளி நியூட்ரலில் வந்து நின்றது. இவ்வளவு நாளும் வண்டி நெடுஞ்சாலையில் நான்காவது கியரிலேயே கத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. டீசல் குடிக்காமல் என்ன செய்யும்?

கியர்பாக்ஸை இறக்க, காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கம்பியில் பழைய டயர் டியூபை வெட்டிக் கட்டியிருந்தது. மறுமுனையில், ஐந்தாவது கியர் வெளியே துள்ளாமல் இழுத்துப் பிடிக்க, கியர் ராடில் மாட்ட அளவாக ஒரு சுருக்கு. உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் தேய்ந்து தகடாகியிருந்தது. இரண்டையும் சாரிடம் காட்டினேன். டியூபை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"இத ஏன் அவன் எங்கிட்ட சொல்லல?"

உசிலம்பட்டிச் சந்தை

வேலை முடிந்ததும் நானும் சாரும் அதே வண்டியில் பாண்டியைத் தேடிப் போனோம். சந்தையில் யாரோ ஒருவரின் வண்டியிலிருந்து ஆடு இறக்கிக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கை அவன் கையில் கொடுக்க ஊரில் ஆளில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு விஷயத்தைச் சொன்னான். கியர்பாக்ஸைப் பிரித்தால் வண்டி நாலு நாள் ஷெட்டில் நிற்கும், அந்த நாட்களுக்கு அவனுக்குத் தினப்படி கிடையாது. வீட்டில் கைக்குழந்தை. அதனால் டியூபைக் கட்டி ஓட்டியிருக்கிறான். பிறகு டியூபுக்கும் கியர் நிற்கவில்லை. அதற்குள் திருட்டுப் பட்டம் வந்துவிட்டது, இனிச் சொன்னால் சாக்கு என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டானாம். சார் சுற்றி வளைக்காமல் தப்பு என்னுடையது, வேலைக்கு வா என்றார். எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. பாண்டி கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டேங்க் பக்கம் வந்ததும் நின்றான்.

"இந்தப் பூட்ட எடுத்துருவீங்களா மொதலாளி?"

சார் என்னைப் பார்த்தார், பிறகு பூட்டைப் பார்த்தார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் பாண்டி. உனக்கும் நல்லதுதானே?"

பாண்டி கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டான்.

"அப்ப நான் ஆட்ட எறக்கப் போறேன் மொதலாளி."

வண்டி இப்போது பழையபடி பதினான்கு கொடுக்கிறது, பூட்டும் பத்திரமாக இருக்கிறது, ஓட்டத்தான் ஒருத்தனும் அதில் நிலைப்பதில்லை.