எதிர்வீட்டு நிலையில் ஒரு சின்னப் பெட்டி

எதிர்வீட்டுக்காரி எங்களுக்குச் செய்வினை செய்துவிட்டாள் என்று அம்மா முடிவு கட்டியபோது, அந்தப் பெண் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கைக்குழந்தையோடு இருந்த இளம் பெண். படியில் கண்டால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் அம்மா நம்பவில்லை.

அப்போது நாங்கள் பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அவளுடைய கதவு நிலையில் விரல் நீளப் பெட்டி ஒன்று சரிவாக அறையப்பட்டிருந்தது. உள்ளே போகும்போது அதைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிடுவாள். ஊரில் மந்திரம் எழுதிய தகட்டை இரகசியமாக வாசலில் புதைப்பார்கள், இவள் துணிந்து வெளியிலேயே அடித்து வைத்திருக்கிறாள் என்பது அம்மாவின் வாதம். அந்த நேரம் பார்த்து அப்பா வேலை செய்த உணவகத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தார். வேலை போய்விடுமோ என்ற பயம் வீடு முழுக்க இருந்தது. அம்மாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. எங்கள் கதவில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் தொங்கின. அம்மா பாதி நாள் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்தபடி நின்றாள்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல், ஜெர்மன் பேச என்னையும் இழுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினாள்.

"பெட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டு கேள் பிள்ளை."

அந்தப் பெண் படிக்கட்டின் கீழே எட்டிப் பார்த்தாள். எங்கள் கதவில் தொங்கியதையும் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். அவளுடைய முன்னோர் எகிப்தில் அடிமைகளாக இருந்தார்களாம். அவர்களுடைய கடவுள் அவர்களை மீட்டு, உடன்படிக்கை செய்துகொண்டாராம். அவர் ஒருவரே கடவுள், உருவம் கிடையாது, சிலை செய்யக் கூடாது. அந்த வார்த்தைகளைத் தோல் சுருளில் எழுதி வாசல் நிலையில் வைப்பது அவர்களுக்குக் கட்டளையாம்.

தெரிந்த தமிழில் சொல்லி முடித்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அம்மா சொன்னாள்: "எழுத்தாம். தகட்டிலையும் எழுத்துத்தானே கிடக்கு."

கட்டிலில் கிடந்த அப்பா, "உனக்கு விசரப்பா," என்றார்.

அடுத்த கிழமை பெட்டியைக் காணவில்லை. நிலையில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. அப்பாவும் எழுந்து நடமாடத் தொடங்கியதால் அம்மாவின் வெற்றி உறுதியானது. ஒருநாள் எதிர்க்கதவு திறந்திருந்தபோது பார்த்தேன், பெட்டி நிலையின் உட்பக்கத்துக்கு மாறியிருந்தது. உருவமே இல்லாத கடவுள் எங்கள் தேசிக்காய்க்குப் பயந்து ஒளிந்துகொண்டார் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

அந்த நகரத்தில் அப்படி ஒரு பெட்டியை வெளியே வைத்திருக்கும் யூதர்கள் யாருக்கெல்லாம் பயப்பட வேண்டியிருந்தது என்று பிறகுதான் அறிந்தேன். கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்தால் வெளியே நிற்பவருக்கு அது இருண்டு, உள்ளே ஒருவர் உளவு பார்ப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.