இருபத்து மூன்று பேருக்கு ஒரு பேனா

மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, “எத்தனை வார்த்தை? விரல் விடுங்க பாப்போம்,” என்கிறார் மழலையர் வகுப்பு டீச்சர். வாயில் எதையும் வைக்காதே என்று பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொல்பவரும் இவரேதான். பாயில் இருபத்து மூன்று பேர். விரல்கள் எழுகின்றன. சிலருக்கு மூன்று, சிலருக்கு நாலு, ஒரு மேதாவிக்குப் பத்து.

பார்த்து எழுதும் வேலை அவர் வகுப்பில் கிடையாது. அன்றைக்குச் சொல்ல வேண்டிய சேதியை எல்லோரும் பேசி முடிவு செய்வார்கள். பிறகு ஒரே பேனா, பெரிய சார்ட் தாள், ஆளுக்கு ஓர் எழுத்து. ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் முன்னால் இருப்பவர் முதுகில் அதே எழுத்தை விரலால் எழுத வேண்டும். கூச்சம் தாங்காமல் பாதி வகுப்பு நெளியும். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே உள்ளங்கையை வைத்து இடம் பிடிக்கவும் ஓர் ஆள் உண்டு. அந்தப் பதவிக்குத்தான் அடிதடி அதிகம்.

டீச்சரின் சொந்தக் கையெழுத்து அச்சுக் கோத்தாற்போல் இருக்கும். வம்பே அதுதான். கோணல் எழுத்தைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். மளிகைக் கடை விலைப் பலகையைக்கூட ஒருமுறை அழித்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கடைக்காரர் அதற்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

ஒரு மாதத்துக்கு முன் அந்தத் துறுதுறுப்பு வகுப்பிலேயே கைவரிசையைக் காட்டிவிட்டது. பேனாவோடு நின்றவள் பட்டாசு. வாய் ஓயாத பிள்ளை என்பதால் வகுப்பு வைத்த பெயர் அது. தயங்கித் தயங்கி ஒரு கோடு இழுத்தாள். டீச்சர் பொறுக்கமாட்டாமல் அவள் கைமேல் தன் கையை வைத்து எழுத்தை அழகாக முடித்தார். பட்டாசு அந்த எழுத்தை உற்றுப் பார்த்தாள்.

“இது நான் எழுதல. நீங்க எழுதுனது.”

போய் உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு அவள் முறை வரும்போதெல்லாம் செருப்பு வார் கழன்றுபோகும், இல்லையென்றால் தண்ணீர் தவிக்கும்.

பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்று அழைக்கும் தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். “வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு எழுத்தாவது அவ கையால எழுதணும். இல்லன்னா அடுத்த வருஷமும் இங்கதான்.” சலவைக் கடையில் துணி தேய்க்கும் அவள் அம்மா மதிய இடைவேளையில் ஓடி வந்தார். “அடுத்த வருஷம் இவ தங்கச்சிய சேர்க்கணுமே டீச்சர். அக்காவும் தங்கச்சியும் ஒரே வகுப்புலயா உக்காருவாங்க?” கையைப் பிடித்தது நான், பழி பிள்ளை தலையில் என்று அன்று முழுக்க டீச்சருக்கு மனசு அறுத்தது.

ஆறுதலாக இருந்தது ஒரே ஒரு புகார்தான். பட்டாசுக்கு முன்னால் உட்காரும் பையன் தினமும் எழுந்து சொல்வான்: “இவ ரொம்ப அழுத்தி எழுதுறா டீச்சர், முதுகு வலிக்குது.”

அந்த வெள்ளிக்கிழமை பட்டாசு மூச்சிரைக்க வந்தாள். குழாயடிப் பக்கம் எறும்புப் புற்றாம். வரிசை வரிசையாக முட்டை தூக்கிப் போகின்றனவாம். “பெரிய டீச்சர் மிதிச்சிட்டாங்க! பாக்கவே இல்ல!”

வகுப்புக்குச் சேதி கிடைத்துவிட்டது. ‘மிதிக்காதே’ என்று எழுதலாம் என்றது ஒரு கட்சி. “பெரிய டீச்சரும் படிப்பாங்கல்ல? மரியாதையா எழுதணும்,” என்றது மறு கட்சி. மரியாதை வென்றது. ‘இது எறும்பு வீடு. மிதிக்காதீங்க.’

எழுத ஆரம்பித்தார்கள். ‘எறும்பு’ எறும்பைவிட மெதுவாக ஊர்ந்தது. ‘வீடு’ என்பதன் ‘டு’வை எழுத வந்தவன் பேனாவை நழுவவிட்டு, அது உருண்டோடி, நாலு பேர் அதன்மேல் பாய்ந்தார்கள். இடைவேளை மணிக்கு ஐந்தே நிமிடம். மணி அடித்தால் பள்ளிக்கூடமே குழாயடிக்குத்தான் ஓடும். பட்டாசு கடிகாரத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், இருப்புக் கொள்ளவில்லை.

“அடுத்து யாரு?”

வழக்கமாக இருபது கை எழும். அன்று கை எழுவதற்குள் பட்டாசே எழுந்துவிட்டாள். “குடுங்க டீச்சர், நேரமாச்சு,” என்று பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

‘மி’ மேலே தொடங்கிப் பள்ளத்தில் இறங்கியது. அதன் மேல்வளைவு வாலாட்டியது. டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. உதவி கேட்டு அவள் திரும்பவும் இல்லை. ஒரு மாதம் ஒருவன் முதுகில் எழுதிப் பழகிய கை, அடுத்து ‘தி’ போட்டது. பிறகு அதற்கடுத்ததும்.

“ஆளுக்கு ஒரு எழுத்துதானே டீச்சர்! அவ முழுசா எழுதுறா!” என்று பாய் கொந்தளித்தது.

“ஷ்ஷ்...”

ஓர் எட்டு வைத்தால் டீச்சர் தாளைத் தொட்டுவிடலாம். ஆனால் அவர் பின்னால் நடந்தார். பாயில் பட்டாசு விட்டுப்போன இடத்தில், முட்டி இரண்டும் முனக, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.