குதிரையின் வாய்க்கு ஏற்ற இரும்பு

எங்கள் குடும்பத்தில் இந்தக் குதிரையைப் பற்றி மூன்று கதைகள் உலவுகின்றன. அவற்றுள் ஒன்றில் நான் தரையில் விழுகிறேன். நான் விழவில்லை. ஆதலால், கண்ணால் கண்டவற்றையும் கையால் அளந்தவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். பிறர் சொல்லை எழுத நேர்ந்தால், சொன்னவர் இன்னார் என்று குறிப்பேன்.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பெண்குதிரை அது. கடிவாள வாரைச் சற்றே இழுத்தாலும் வாயைத் திறந்து தலையை மேலே எறியும். பினாங்கில் நான் அதனைக் கட்டியிருந்த லாயத்தின் உரிமையாளரான பெண்மணி, பிறர் பயிலும் களத்தில் இப்படிப்பட்ட குதிரைக்கு இடமில்லை என்றார். வரும் சனிக்கிழமைக்குள் அடங்காவிட்டால் கெப்பாலா பத்தாஸ் ஊரில் அதை விலைக்குக் கேட்பவரிடம் விற்றுவிடுமாறு கூறினார். அப்படிக் கேட்பவர் கடுமையான கடிவாளம் பூட்டுபவர் என்பதும் அப்பெண்மணி சொன்னதே. வேறு லாயத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

கால்நடை மருத்துவர் அதன் பற்களைப் பார்த்தார். கூரும் இல்லை, புண்ணும் இல்லை. எனவே ஐயம் கடிவாளத்தின் வாயிரும்பின்மேல் விழுந்தது. அது நடுவே ஒரே மூட்டு உள்ளது. இருபுறமும் இழுத்தால் பாக்குவெட்டி போல மடிந்து, மூட்டு மேலண்ணத்தைக் குத்தும். இரு மூட்டு உள்ளதில் இடையே சிறு செப்புத் துண்டு இருக்கும். அது நாக்கின்மேல் படிந்து கிடக்கும். அதையே வாங்குவதென்று முடிவு செய்தேன்.

அளவு தேவைப்பட்டது. லாயத்தில் குதிரைகளைக் கவனிப்பவர், நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர், நூலால் அளக்கலாம் என்றார். நூலை வாயில் வைத்தோம்.

"தின்னுருச்சுக்கா."

"முழுசாவா, அண்ணே?"

"முழுசாத்தான். நாளைக்கு அந்தப் பக்கமா வரும் லா. அப்ப அளந்துக்குங்க."

மரக்குச்சியால் அளந்தோம். ஐந்து அங்குலம். உதடு நெரியாதிருக்கக் கால் அங்குலம் கூட்டினேன். தடித்த இரும்பே மென்மையானது என்று இணையத்தில் விற்றவர் எழுதினார். ஆனால் இதன் நாக்கு பருத்தது. வாயில் மிஞ்சிய இடம் சிறிது. மெல்லியதையே வரவழைத்தேன்.

புதன்கிழமை பூட்டினோம். நாக்கால் தள்ளித் தள்ளித் துப்பப் பார்த்தது. வியாழனன்றும் அவ்வாறே. மூட்டில் பிசிறு ஏதும் உண்டோ என்று பார்க்க, அன்று மாலை அதை ஆயர் ஈத்தாமில் உள்ள வீட்டுக்குக் கொண்டுவந்து, தொட்டியருகே வைத்துவிட்டு உடை மாற்றப் போனேன். என் அண்ணி, வெள்ளிக்கிழமைக்காகப் பூசையறை விளக்குகளைப் புளியிட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பியபோது வாயிரும்பும் விளக்குகளோடு பளபளவென்று வரிசையில் இருந்தது. அதன் இரு முனை வளையங்களிலும் சந்தனப் பொட்டு.

"இந்தத் தொங்கு விளக்குக்குத் தட்டு எங்க?" என்றார் அண்ணி.

"அது குதிரை வாயில போடுறது, அண்ணி."

அதை எடுத்து என்னிடம் நீட்டினார். "போடு. சுத்தமாத்தான் இருக்கு."

சந்தனத்தைக் கழுவினேன். மூட்டுகளின் உட்புறத்தைக் கவனிக்கவில்லை. அது என் பிழை.

வெள்ளியன்று குதிரையைத் தொடவில்லை. சனிக்கிழமை காலை, வாயிரும்பை உதட்டருகே கொண்டுசென்றதும் குதிரை தானே வாயைத் திறந்தது. கடைவாயில் ஒரு சுருக்கம் விழுமாறு வாரைக் கட்டினோம். உரிமையாளர் வேலியருகே நின்று பார்த்திருக்க, களத்தை இருபது நிமிடம் சுற்றினேன். குதிரை தலையைத் தாழ்த்தி, அமைதியாக மென்றுகொண்டே நடந்தது. உதட்டில் வெண்ணுரை கட்டியிருந்தது. நான் இறங்கியதும், குதிரை இங்கேயே இருக்கலாம் என்றார் அப்பெண்மணி.

கடிவாளத்தைக் கழற்றிய லாயத்து அண்ணன், ஒரு மூட்டிலிருந்து புளிநார் ஒன்றை உருவி முகர்ந்தார்.

"அக்கா, இதுக்கு ரசம் வச்சிங்களா?"

அடுத்த வாரம் வாயிரும்பை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிய பின்னரே பூட்டினேன். அப்போதும் குதிரை மறுக்கவில்லை. இன்றும் அதே லாயத்தில்தான் நிற்கிறது.

அந்தச் சனிக்கிழமை அது வாயைத் திறந்தது இரு மூட்டினாலா, புளியினாலா, இரண்டு நாள் பழக்கத்தினாலா என்பது எனக்குத் தெரியவில்லை.