இரண்டு ‘ஆச்சு’, ஒரு சிவப்புக் கோடு

எங்கள் வீட்டில் சிவப்பு நெயில் பாலிஷை யாரும் நகத்தில் பூசியதில்லை. ஏழு வருடங்களில் எத்தனை பாட்டில் தீர்ந்தது என்று நினைவில்லை. அத்தனையும் நட்டுகளுக்குத்தான் போயின.

என் கணவர் மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு ஒரு விமானம் கட்டினார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். அலுமினியக் குழாய்களால் எலும்புக்கூடு, அதன்மேல் இழுத்து ஒட்டிய துணி, முன்னால் ஒரு இன்ஜின். நாங்கள் தெலுங்கு பேசும் ஊரில், உப்பலில் குடியிருக்கிறோம். அவருக்கு மத்திய அரசு நிறுவனத்தில் வேலை, எனக்கு பேகம்பேட்டில் அலுவலகம். வார நாட்களில் வீடு வந்து சேரும்போதே உயிர் போய்விடும். அதனால் சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும்தான் விமானத்துக்கு. இறக்கைத் துணியைச் சூடு காட்டி இறுக்குவதற்கு எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிதான். அந்த வாரங்களில் மகள் கசங்கிய யூனிஃபார்மோடு பள்ளிக்கூடம் போனாள்.

எனக்கு முதல் நாளிலிருந்தே பயம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சண்டை போட்டேன். ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தேன். எதுவும் பலிக்காது என்று தெரிந்த பிறகு, நானே மாடிக்குப் போய் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என் கண் முன்னால் நடந்தால், என் கையும் அதில் பட்டால், கெட்டது எதுவும் நடக்காது என்று எப்படியோ நம்பிக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்த வேலை சிவப்புக் கோடு போடுவது. ஒவ்வொரு நட்டையும் இவ்வளவுதான் இறுக்க வேண்டும் என்று அளவு உண்டு. அதற்கென்று இருக்கும் ஸ்பேனர், சரியான இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சத்தம் போடும். சத்தம் கேட்டதும் அவர் “ஆச்சு” என்பார். நானும் “ஆச்சு” என்று திருப்பிச் சொல்லிவிட்டு, நட்டின் மேலிருந்து போல்ட்டின் நுனி வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பேன். பின்னால் எப்போதாவது நட் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு இல்லாத நட் என்றால் இன்னும் இறுக்கவில்லை என்று அர்த்தம்.

“இதுக்கு எதுக்கு ரெண்டு பேர்?” என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

“நான் மறந்துடுவேன்மா. நடுவுல பெல் அடிக்கும், குக்கர் கத்தும், நீ கூப்பிடுவ. ரெண்டு பேர் சொன்னாத்தான் ஆச்சுன்னு கணக்கு.”

இரண்டாவது சீட் மகளுக்கு. வேலை ஆரம்பித்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ஒட்டுப்பலகையில் முதலில் செய்த சீட் ஹாலிலேயே கிடந்தது, அதில் உட்கார்ந்துதான் ஹோம்வொர்க் எழுதுவாள். வளர வளர அவர் அந்த சீட்டை மூன்று முறை மாற்றினார். “அப்பா, இது முடியறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்” என்பாள். நாங்கள் தமிழில் பேசினால் அவள் பாதி தெலுங்கிலும் பாதி இந்தியிலும் பதில் சொல்வாள். ஆனால் விமானத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழ்தான், அது அப்பாவோடு பேசும் பேச்சு என்பதாலோ என்னவோ.

ஒருவழியாக எல்லா அனுமதியும் கிடைத்தது. இறக்கைகளைக் கயிறு கட்டி மாடியிலிருந்து இறக்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. நகரத்துக்கு வெளியே, காரில் இரண்டு மணி நேரம் போனால், தனியார் ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கே வைத்து இறக்கைகளைப் பூட்டினோம். அவர் முன்பே லைசென்ஸ் வாங்கியிருந்தார். பல ஞாயிற்றுக்கிழமைகள் தனியாகப் பறந்தார். நான் டிபன் கேரியரோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இன்ஜின் சத்தம் வானத்தில் ஒரே சீராக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத்தான் இறங்கினார். என் பயம் மட்டும் குறையவில்லை.

போன வருடம் மழை விட்ட பிறகு ஒரு ஞாயிறு, மகளை ஏற்றிக்கொண்டு போக நாள் குறித்தார்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டே தன் போனை என் கையில் திணித்தாள். “அம்மா, டேக்-ஆஃப் லேண்டிங் ரெண்டும் கண்டிப்பா எடுக்கணும். கை நடுங்காம எடு, ப்ளீஸ்.”

“பயமா இருந்தா அப்பாகிட்ட சொல்லு, உடனே இறக்கிடுவாரு.”

“நக்கோ அம்மா, வேண்டாம்! பயம் உனக்கு.”

கிளம்பினார்கள். நான் படம் பிடித்தேன். சக்கரம் தரையை விட்டதும் போன் ஒரு செய்தி காட்டி நின்றுவிட்டது. இடமில்லையாம். இறங்கும்போது எடுக்க வேண்டுமே என்று, பழைய வீடியோக்களில் சிலவற்றை அழிக்கலாம் என மரத்தடியில் உட்கார்ந்தேன். விமானம் இடது பக்கம் திரும்பி ஏரியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. ஓடுதளத்து வாட்ச்மேன் எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மே மாத வீடியோ ஒன்று. எங்கள் மாடி. துணி ஒட்டுவதற்கு முன்னால், எலும்பாக நிற்கும் இடது இறக்கை. உள்ளே ஒரு முக்கோணத் தகட்டின் பக்கத்தில் என் கை, கையில் நெயில் பாலிஷ் பிரஷ். பைலட் கைப்பிடியை அசைக்கும்போது அந்தத் தகடு திரும்பித்தான் இறக்கையின் ஓரத்து மடலை அசைக்கும். விமானம் சாய்வதும் நிமிர்வதும் அதனால்தான். அதைத் தாங்கும் பட்டையை மூன்று நட்டுகள் பிடித்திருந்தன.

வீடியோவில் மகளின் குரல்: “அம்மா, அப்பா மாதிரி பேசு.”

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவர் குரலில், “ஆச்சு” என்கிறேன். அப்புறம் என் குரலில், “ஆச்சுங்க.” கோடு. மறுபடி அவர் குரலில் “ஆச்சு.” “ஆச்சுங்க.” கோடு. மூன்றாவதும் அப்படியே. மகள் சிரித்துச் சிரித்து போன் ஆடுகிறது. நானும் சிரிக்கிறேன்.

சிரிப்புக்குப் பின்னால், கீழே தெருவிலிருந்து, தண்ணீர் டேங்கரின் மோட்டார் சத்தம். அதற்கும் மேலே என் கணவரின் குரல்: “அரே பாய், பைப் இதர் டாலோ! சம்ப் இதர் ஹை!” பைப்பை எங்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போடச் சொல்கிறார்.

அவர் கீழே இருந்தார். நான் மேலே அவர் குரலில் பேசி, அவர் நட்டுகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் கோடையில் போர்வெல் வற்றிப்போயிருந்தது. டேங்கர்காரன் வந்து ஹாரன் அடித்தால், வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். ஸ்பேனரை வைத்துவிட்டு அவர் ஓடினார். மூன்றையும் இறுக்கிவிட்டுத்தான் போனார் என்று நினைத்திருப்பேன். அல்லது நினைக்கவே இல்லையோ என்னவோ. வெயிலில் பாலிஷ் கெட்டியாகிக்கொண்டிருந்தது, சமையல் பாக்கி இருந்தது, மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். டேங்கர்காரனோடு சண்டை முடிந்து அவர் மேலே வந்தபோது மூன்றிலும் சிவப்புக் கோடு இருந்திருக்கும். பார்த்திருப்பார். அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அடுத்த மாதம் துணி ஒட்டி மூடிவிட்டோம்.

தலைக்கு மேல் இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்தது.

ஓடுதள அறையில் வாக்கி-டாக்கி ஒன்று உண்டு. அவசியம் என்றால் மட்டும் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஓடிப்போய் எடுத்தேன். பொத்தானை அழுத்தப் போன விரல் நின்றுவிட்டது. இடது இறக்கையில் நட் தளர்ந்திருக்கலாம் என்று சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். எதிலாவது சந்தேகம் வந்தால் கைப்பிடியை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பலமாக ஆட்டிப் பார்ப்பார். அது அவர் பழக்கம். தரையில் பரவாயில்லை. மேலே, அவள் பக்கத்தில் இருக்கும்போது? அவள் காதிலும் அதே ஹெட்போன்தான் இருந்தது.

“என்னங்க,” என்றேன். “இட்லி ஆறுது. வந்துடுங்க.”

“இட்லியா? இப்பத்தானே வந்தோம்?” சிரிப்பு கேட்டது. “உன் பொண்ணு ஏரிய ஒரு சுத்து சுத்தணுங்கிறா.”

“அம்மா, கீழ கொக்கு எல்லாம் தெரியுது! சூப்பர்!”

ஒரு சுத்து என்றால் முழுக்கச் சாய்ந்து திரும்புவது.

“வேண்டாங்க. இங்க மழை வர்ற மாதிரி இருக்கு. மெதுவா, நேரா வந்துடுங்க. சாய்க்காதீங்க, அவளுக்குத் தலை சுத்தும். மெதுவா.”

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மேலே இருப்பவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

“சரி,” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவர்கள் கண்ணில் பட எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல முடியாது. வாட்ச்மேன் “ஏமைந்தம்மா?” என்று, என்ன ஆயிற்று எனக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது, அப்புறம் இறக்கைகள். எனக்கு இடது இறக்கை மட்டும்தான் தெரிந்தது. ஓடுதளத்துக்கு நேராக வர அவர் ஒருமுறை திரும்பியே ஆக வேண்டும். அகலமாக, வண்டிமாடு திரும்புவது போல, சாய்வே தெரியாமல் திரும்பினார். கடைசி நிமிடம் காற்றில் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது, நிமிர்ந்தது. சக்கரம் தரையைத் தொட்டது. நான் அதைப் படம் எடுக்கவில்லை.

மகள் குதித்து இறங்கி ஓடி வந்தாள். “என்ன மழை அம்மா? எங்க மழை? லேண்டிங் எடுத்தியா?”

போனை நீட்டினேன். வீடியோ ஓடியது. “அய்யோ, இதுவா!” என்று அவள் சிரித்தாள். அவரும், நான் அவரைப் போல் கனைத்ததைக் கேட்டுச் சிரித்தார். “நான் இப்படியாம்மா பேசறேன்?” என்று கேட்கும்போதே, வீடியோவுக்குள்ளிருந்து அவருடைய உண்மையான குரல் டேங்கர்காரனைக் கூப்பிட்டது. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது.

“இது எந்த இறக்கை?” என்றார்.

“இடது.”

இறக்கையின் அடிப்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்ட மூடி உண்டு. அதைத் திறந்தார். அவர் கை முழங்கைவரை போய் முட்டி நின்றது. மகளின் கை மெலிந்தது. “பாத்து, கூர்மையா இருக்கும். தகட்டுக்கு மேல மூணு நட்டு வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாரு.”

புல்லில் மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, கையை உள்ளே விட்டாள். “முதல் நட்டு... டைட்டா இருக்கு. ரெண்டாவது... அதுவும் டைட்.” அவள் தோள் மட்டும் அசைந்தது.

“என்னம்மா?”

“மூணாவது சும்மா சுத்துதுப்பா.”

கையை வெளியே எடுத்தாள். நட் அவள் விரல் நுனியில் வந்திருந்தது. அதன்மேல் ஒரு பாதிக் கோடு, சிவப்பாக. நான் போட்டது. மீதிப் பாதி உள்ளே போல்ட்டின் நுனியில் இருந்திருக்கும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவர் அதோடு பறந்தார் என்று மூவருமே எண்ணிப் பார்த்திருப்போம்.

வீடு திரும்பும் வழியில் ரிங் ரோட்டில்தான் பேசினார். “நீ பொய் சொன்னா உன் குரல் கீழ இறங்கிடும். மழைன்னு சொன்னப்பவே தெரிஞ்சுது. என்னன்னுதான் தெரியல.”

“திட்டுங்க.”

“எதுக்கு? கீழ போறப்ப மூணாவத இறுக்கலைன்னு எனக்கும் தெரியுமில்ல? மேல வந்து சிவப்பப் பாத்ததும், நாமதான் இறுக்கியிருக்கோம்னு நெனச்சுட்டேன். திரும்ப ஒருதரம் கை வெக்கல.”

பின் சீட்டில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் ஏரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இறக்கைகள் மறுபடி எங்கள் மாடிக்கு ஏறின. அவரே கத்தியை எடுத்து, பாடுபட்டு ஒட்டிய துணியை நீளமாகக் கிழித்தார். எல்லா நட்டையும் கழற்றி முதலிலிருந்து. பழைய சிவப்பை எல்லாம் பெயின்ட் தின்னரில் துடைத்தார். அந்த வீடியோவை அழிக்கச் சொல்லி மகளிடம் கெஞ்சினேன். “ஒத்து அம்மா,” என்று தெலுங்கில் மறுத்துவிட்டாள். அவர் அதை வேலைக் குறிப்புகளோடு சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் அவள் போனில் இன்னும் இடமில்லை.

புது பாட்டில் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். நான் முடியாது என்றேன். பல வாரம் மாடிக்கே போகவில்லை. அலுவலகத்தில், பஸ்ஸில், சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது, என் குரல் இரண்டு விதமாக ‘ஆச்சு’ சொல்வது கேட்கும். இப்போதும் கேட்கிறது.

“வேற ஆள வெச்சுக்கலாங்க.”

“வேற ஆளு தப்பு பண்ணினா எனக்கு எப்படித் தெரியும்? உன் குரல்னா தெரியும்.”

போன ஞாயிறு போனேன். அதே முக்கோணத் தகடு, அதே மூன்று இடங்கள். இந்த முறை ஸ்பேனரின் பிடியில் அவர் கைக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்துக்கொண்டேன். முதல் நட், டிக். “ஆச்சு.” “ஆச்சு.” கோடு போட்டேன். கோணலாக வந்தது. இரண்டாவதும் கோணல். மூன்றாவதில் ஸ்பேனரை மாட்டிப் பாதி திருப்பியிருப்போம், கீழே தெருவில் டேங்கர்காரன் வந்து நின்று ஹாரன் அடித்தான்.

அவர் எழவில்லை. நானும் எழவில்லை. ஹாரன் மறுபடி, நீளமாக. “சார்! பானி ஹோனா க்யா நை? ஜாத்தூம் மை!” என்று கத்தினான். தண்ணீர் வேண்டாமென்றால் போய்விடுவானாம்.

மகள் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். “அவன் போயிடுவான்ப்பா.”

“போகட்டும்,” என்றார்.

நாங்கள் இருவரும் ஸ்பேனரைப் பிடித்தபடி அந்த ‘டிக்’ சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.