கஸ்தூரி அக்காவுக்கு இரண்டு கேமரா

மொபைலுக்குக் கண்ணாடி ஒட்டுவதில் தொடங்கி லேப்டாப்புக்கு உயிர் கொடுப்பது வரை எல்லாம் செய்கிற கடை என்னுடையது. ஆனால் என் தொழில் என்ன என்று யாராவது கேட்டால், நல்ல மனிதர்களை ஒரு பொட்டளவு லென்ஸுக்கு முன்னால் ஒழுங்காக உட்கார வைப்பது என்றுதான் இப்போதெல்லாம் சொல்கிறேன்.

வீடியோ இன்டர்வியூ என்ற ஒன்று வந்த பிறகு, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற என் கடையின் பின்பகுதியைக் காலி செய்தேன். பிளைவுட்டில் ஒரு தடுப்பு, கண்ணாடிக் கதவு, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. "இன்டர்வியூ ரூம்" என்று போர்டும் மாட்டிவிட்டேன். கேமரா உள்ள ஒரு லேப்டாப்பை வைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது அன்றைய என் நம்பிக்கை. மேலே சட்டை, கீழே லுங்கி என்று உட்கார்ந்து "கேக்குதா சார்? கேக்குதா?" என்று கத்திய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், அந்த நம்பிக்கை எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தலைக்கு மேல் ஃபேன்

முதல் வாடிக்கையாளர் வாணியம்பாடிக்காரர். இன்ஜினியரிங் முடித்தவர், பெங்களூர் கம்பெனி இன்டர்வியூ. லேப்டாப்பை மேஜை மேல் வைத்துத் திறந்து கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவர் லேப்டாப்பின் மேல் குனிந்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். கேமரா கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறது என்பது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

பத்து நிமிடத்தில் வாடிய முகத்தோடு வெளியே வந்தார். இன்டர்வியூவை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திச் சொன்னதை அப்படியே சொன்னார்: "தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்துறதையே பாத்துட்டு இருந்தேன், கேள்வி மறந்துபோச்சு."

உயரம் எவ்வளவு?

பக்கத்துக் கடை இம்தியாஸ் பாயுடையது. ஏற்றுமதிக்குத் தேறாத ஷூக்களை ஃபாக்டரியிலிருந்து வாங்கி விற்கிறவர். என் கதையைக் கேட்டுவிட்டு, தன் கடைக்குப் போய் மூன்று காலி ஷூ பெட்டிகளைக் கொண்டு வந்து லேப்டாப்புக்கு அடியில் அடுக்கினார். கேமரா சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஸ்டாண்ட் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதிலிருந்து எங்கள் கணக்கே பெட்டிக் கணக்குதான். குள்ளமானவருக்கு இரண்டு, சாதாரண உயரத்துக்கு மூன்று, நெட்டையாக இருந்தால் நான்கு. ஆள் வருவதற்கு முன்பே அடுக்கி வைத்துவிடலாம் என்று, போனில் ரூம் கேட்கிறவர்களிடம் முதல் கேள்வியாக உயரத்தைக் கேட்க ஆரம்பித்தேன். மேல்விஷாரத்திலிருந்து பேசிய ஒருவர் சொன்னார்: "அண்ணா, இது போலீஸ் வேலை இல்லண்ணா. அக்கவுண்ட்ஸ் வேலை."

பாதி மனிதர்

உயரம் சரியானதும் பின்னணியில் கை வைத்தேன். நாற்காலிக்குப் பின்னால் பளிச்சென்று வெள்ளைத் துணி கட்டி, முன்னால் வட்ட விளக்கும் வைத்தேன். ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. அன்றைக்கு வந்தவர் கணக்கு வாத்தியார், ஆன்லைனில் பாடம் நடத்துகிற வேலைக்காக. நேர்காணல் என்பதால் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை முழுக்கைச் சட்டை.

விளக்கைப் போட்டதும் சட்டையும் துணியும் ஒன்றாகிவிட்டன. திரையில் ஒரு தலை மட்டும் மிதந்தது. அவர் முக்கோணத்தை விளக்க ஆரம்பித்தபோது, எங்கிருந்தோ இரண்டு கைகள் வந்து வந்து போயின. மனிதர் அசரவில்லை, பாடத்தை முடித்தார், வேலையும் கிடைத்தது. அன்று மாலையே வெள்ளைத் துணிக்குப் பதிலாக எங்கள் வீட்டு நீலப் போர்வை கடைக்கு வந்துவிட்டது; அதைப் பற்றி என் மனைவி இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இன்டர்வியூ எடுத்த அம்மா அந்த வாத்தியாரிடம் கேட்டது இதுதான்: "சார், நீங்க முழுசா வந்துட்டீங்களா, இல்ல இன்னும் லோடாகுதா?"

அம்புக்குறி

இப்படி அடிபட்டு மிதிபட்டு நான் ஓரளவு தேறியிருந்த நேரத்தில்தான் கஸ்தூரி அக்கா வந்தார். ஷூ ஃபாக்டரியில் பதினான்கு வருடமாக செக்கிங். பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு ஷூவையும் புரட்டிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அந்தக் கம்பெனி செக்கிங் பிரிவைச் சென்னைப் பக்கம் மாற்றப்போகிறது. போனால் ஹாஸ்டலில் தங்க வேண்டும். பத்தாவது படிக்கிற மகளை ஆம்பூரில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, ஆம்பூரிலேயே இருந்து ஃபாக்டரி ஃபாக்டரியாகப் போய் ஷூ பார்க்க ஆள் தேடியது. அக்கா விண்ணப்பித்தார், கூப்பிட்டுவிட்டார்கள். இன்டர்வியூ வீடியோவில். "இது மட்டும் கெடைச்சிட்டா எம்பொண்ண விட்டுட்டு எங்கயும் போவ வேணாம் தம்பி" என்று சொன்னபோது, அவர் கை என் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. இன்டர்வியூவுக்குப் பதினாலு நாள் இருந்தது.

தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் ஒத்திகைக்கு வருவார். முதல் சிக்கல், கேமராவைப் பார்க்கவே மாட்டார். பதினான்கு வருடம் குனிந்தே வேலை பார்த்த கழுத்து, நிமிர்ந்தால் வலிக்கிறது என்றார். அப்போதுதான் லேப்டாப் மேல் புதிதாக ஒரு தனிக் கேமரா வாங்கி மாட்டியிருந்தேன்; அதை வைத்து ஒரு யுக்தி செய்தேன். அவர் பையிலிருந்தே ஒரு சிவப்பு அம்புக்குறியை வாங்கி, லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டி, "இந்த அம்பு காட்டுற எடத்தையே பாருங்கக்கா" என்றேன். உடனே பார்த்தார். அசையாமல் பார்த்தார். நான் கேட்ட கேள்வி எதுவும் அவர் காதில் விழவில்லை. இரண்டு நிமிடம் கழித்து முகத்தை லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து சொன்னார்: "கண்ணாடில மெல்லிசா ஒரு கோடு இருக்கு தம்பி. புது கேமராங்கற, யாரு இத பாஸ் பண்ணாங்க?"

இம்தியாஸ் பாய்க்கு நஷ்டம்

வாங்கின கடையிலேயே கேமராவைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். (அந்தக் கடைக்காரன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடித்தான் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தான்.) ஆனால் பெரிய சிக்கல் இனிமேல்தான் வந்தது. நான் இன்டர்வியூ எடுக்கிறவன் மாதிரி உட்கார்ந்து, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பேன். "நான்... கஸ்தூரி..." என்பார். அவ்வளவுதான். கை மேஜை மேல் எதையோ தேடும், வாய் மூடிக்கொள்ளும். மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள் அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்குப் பயந்துவிட்டேன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இம்தியாஸ் பாய், "இன்னா சேகர், அவங்கள போட்டு பேஜார் பண்ற" என்று உள்ளே வந்து, தன் கையிலிருந்த ஒரு ஜோடி ஷூவை அக்கா முன்னால் வைத்தார். அக்கா அதை எடுத்தார். புரட்டினார், முன்பக்கத்தை மடக்கினார், உள்ளே கட்டைவிரலை விட்டுத் தடவினார். பேச்சு மடை திறந்த மாதிரி வந்தது. "இங்க ஒரு தையல் விட்டிருக்கு. ஓரத்துல பசை வெளிய வந்திருக்கு. மடக்குனா சுருக்கம் ஜாஸ்தி விழுது பாரு, தோல் லூஸ். ரெண்டு ஷூவும் ஒரே கலர் இல்ல, வலது காலுது கொஞ்சம் மங்கல்." எப்படிக் கண்டுபிடிப்பது, லைனில் ஷூ தைக்கிற ஆட்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது, எந்தக் குறையை விடலாம், எதை விடவே கூடாது, எல்லாம் சொன்னார். நான் கேட்க நினைத்திருந்த கேள்விகள் எல்லாம் தீர்ந்துபோயின.

திரையைப் பார்த்தால் அதில் கையும் இல்லை, ஷூவும் இல்லை. முகவாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஷூவைத் தூக்கிப் பிடித்தால் முகம் மறைந்தது. ஆக, இவருக்கு ஒரு கேமரா போதாது என்று முடிவு செய்தேன். முகத்துக்கு ஒன்று, மேலேயிருந்து கையை மட்டும் பார்க்க இன்னொன்று. பாய் கடையின் பழைய ஷூ ரேக்கை மேஜைக்கு மேல் நிறுத்தி, அதன் கம்பியில் இரண்டாவது கேமராவைக் கவிழ்த்துக் கட்டினேன். ஒரு பட்டனைத் தட்டினால் முகம், மறுபடி தட்டினால் கை. நான் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தபோது, பாய் மட்டும் கவலையாக நின்றார்: "அம்மா, அந்த ஷூவ குடுத்துடும்மா. ஃபர்ஸ்ட் குவாலிட்டின்னு சொல்லிட்டு வந்திருக்கேன், பார்ட்டி கடையில வெயிட் பண்றாரு."

சீல் வைத்த பெட்டி

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் கம்பெனி கூரியரில், அக்கா செக்கிங் பண்ணிக் காட்ட வேண்டிய ஷூவைச் சீல் வைத்த ஒரு பெட்டியில் அனுப்பியது. இன்டர்வியூ நேரத்தில், அவர்கள் சொல்லும்போதுதான் திறக்க வேண்டும். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அக்கா மாம்பழக் கலர்ப் புடவையில், முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கைக்கு எட்டும்படி பெட்டியை வைத்தேன். இன்னொரு வேலையும் செய்தேன். ஒத்திகையில் திரை மூலையில் தெரிகிற தன் முகத்தையே அக்கா செக்கிங் பண்ணிக்கொண்டிருப்பார், "இந்தக் கன்னம் கொஞ்சம் டல்லா இருக்கே" என்று. அதனால் இணைப்பு வருவதற்கு முன்பே அந்த மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்தேன். பட்டன் பக்கமே போகமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டதால், பெட்டி திறக்கும்போது நான் உள்ளே போய்த் தட்டுவதாக ஏற்பாடு.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் பாயும் நின்று பார்த்தோம். அக்கா நிமிர்ந்து லென்ஸைப் பார்த்தார், சிரித்தார், பேசினார். தயங்கின இடங்களில் சீல் வைத்த பெட்டியைத் தூக்கித் தடவிக்கொண்டார். இருபது நிமிடம் போனது. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நான் பூனை மாதிரி உள்ளே நுழைந்து, பட்டனைத் தட்டுவதற்கு முன் காகிதத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். அங்கே முகம் இல்லை, இரண்டு கைகள் இருந்தன. முந்தைய நாள் ஒத்திகையில் கை கேமராவில் விட்டதை நான் மாற்றவே இல்லை. இருபது நிமிடமாக அக்கா தன் சிரிப்பையும் நிமிர்ந்த கழுத்தையும் யாருக்குமே காட்டவில்லை.

 ஒரு குடும்பத்தின் பிழைப்பையே கெடுத்துவிட்டேனே என்று பதறினேன். "மேடம், மன்னிக்கணும், தப்பு என்னோடது. இதோ முகத்துக்கு மாத்திடறேன்" என்று உளறினேன். திரையில் சென்னை ஆபீஸ் மேடமும், பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார்கள். மேடம் கையைக் காட்டித் தடுத்தார்: "மாத்தாதீங்க தம்பி! முகம் காட்ட விருப்பமில்லைன்னு நினைச்சு நாங்களும் கேக்கல. பெட்டியத் திறக்கிறதுக்கு முன்னாடியே பெட்டி மூடி கோணலா ஒட்டியிருக்குன்னு சொல்லிட்டாங்க. சார் அந்தக் கையையேதான் பாத்துட்டு இருக்கார்."

நாலு மணி மெயில்

அப்புறம் என்ன, அக்கா பெட்டியைத் திறந்தார். திறந்ததும் எங்களையெல்லாம் மறந்துவிட்டார். விரல்கள் தோலின் மேல் போய்க்கொண்டே இருந்தன; நின்ற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு. மொத்தம் ஏழு ஒட்டினார்.  அந்தப் பக்கம் மேடமும் வெள்ளைக்காரரும் மைக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். மைக் திரும்ப வந்தபோது மேடம் குரலில் சிரிப்பு இருந்தது. வேண்டுமென்றே அவர்கள் வைத்தனுப்பிய குறை ஐந்துதானாம்; மற்ற இரண்டும் அவர்களுக்கே தெரியாதாம்.

நாலு மணிக்கு மெயில் வந்தது. அடுத்த மாதமே சேரலாம், ஆம்பூரில். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார். மகள் மெயிலை உரக்கப் படித்தாள், பாய் எல்லாருக்கும் டீ சொன்னார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒளித்துக்கொள்ளவும் தோன்றவில்லை. நான் மறுபடி கேமரா விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அக்கா தன் இரண்டு கைகளையும் விரித்து முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் பவுடர கையிலயாவது போட்டிருப்பேன் இல்ல தம்பி?"

இப்போதெல்லாம் இன்டர்வியூவுக்கு யார் வந்தாலும் முதலில் கையை நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன். வந்தவர்கள் இது ஜோசியக் கடையோ என்று ஒருமுறை வெளியே போய் போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்து உட்காருகிறார்கள்.