கல்லறைத் தோட்டத்து இங்கிலீஷ்

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் எங்கள் மூத்தவன் விஷக்காய்ச்சலில் போனான். ஐந்து வயது. அடுத்த மாதம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக இருந்தது. ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த என் கணவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. மகனாவது படிக்கட்டும் என்று தவம் கிடந்தார். அதனால்தான் கல்லறையிலாவது இங்கிலீஷ் இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் தூத்துக்குடியில் அம்மா வீட்டில் படுக்கையோடு கிடந்த சமயம், துறைமுகத்தில் வேலை பார்த்த யாரிடமோ எழுதி வாங்கி, கல்லும் வெட்டி, சர்ச் சாமியாரை வைத்து ஜெபம் சொல்லி மந்திரித்தும் விட்டார்.

திரும்பி வந்து பார்த்தேன். எட்டாவது வரை கன்னியர் மடத்தில் படித்தவள் நான். ‘எங்கள் அன்பு மகன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘எங்கள் மான் மகன்’ என்று இருந்தது. சொன்னால் இரண்டும் டியர்தான், எழுத்தில்தான் வித்தியாசம். எழுதிக் கொடுத்த மகராசன் கையில் அகப்பட்டிருந்தால் அவனுக்கும் ஒரு கல் வெட்டவேண்டி வந்திருக்கும்.

இவரிடம் எப்படிச் சொல்வது? “எப்படிளா இருக்கு?” என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மந்திரித்த கல்லைப் பெயர்க்க மாட்டார்; தெரிந்துவிட்டால் வரும்போதெல்லாம் அது ஒன்றுதான் கண்ணில் படும். “நல்லா இருக்குங்க” என்றேன்.

நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு எழுத்துக்கெல்லாம் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது எங்கள் வழக்கம். வருஷா வருஷம் இவரே உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தப்பை அழகாக அடிப்பார். மழையில் கொஞ்சம் மங்கினால் எனக்கு நிம்மதி, அதற்கும் விடமாட்டார்.

எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு ஹார்பர் தொழிலாளி தன் அப்பாவுக்குக் கல் வைத்தார். என்ன எழுதணும் என்று கல்தச்சர் கேட்டதற்கு எங்கள் கல்லைக் காட்டி, “அந்தப் புள்ளைக்கு இன்னா கீதோ அதையே எங்க நைனாவுக்கும் போட்டுடு. மகன்னு கீற எடத்துல அப்பான்னு மாத்திக்கோ, போதும்” என்றார். அதைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நாளில் அந்த வரிசை முழுக்க மான் அப்பா, மான் அம்மா, மான் மாமியார். சிரிப்பதா, அழுவதா?

அந்த நவம்பரில் இவர் பெயிண்ட் டப்பாவோடு ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் உருவம் அவருக்கு மனப்பாடம். பிள்ளை போனபிறகு நான் பார்க்காத சிரிப்பு முகத்தில்.

“பாத்தியாளா, நம்ம பயலப் பாத்துல்லா ஊரே இங்கிலீஷ் எழுதுது. நீ படிச்சவ, இந்த வருஷம் நீயே அடி” என்று பிரஷை என் கையில் கொடுத்தார்.

அடித்தேன். கண்ணீர் மறைத்ததில் ஓர் எழுத்து லேசாக வழிந்துவிட்டது. அவர் குனிந்து, வேட்டி நுனியால் துடைத்து, அதைத் திருத்தினார்.