கண்ணாடி அறையில் கேட்டது

கிரேன் ஃபால்ஸில் பல்கலைக்கழக அணியின் ஃபுட்பால் ஆட்டம் உள்ள சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வைத்தால் மாப்பிள்ளையே மைதானத்துக்குப் போய்விடுவான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும் ட்வைலா ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஊரே எழுந்து நின்று கத்தும் நேரத்தில் அவள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள்.

வாரநாட்களில் அவளுக்கு ஹாக்ஸ்டாட் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் வேலை. மாடு ஏற்றும் டிரெய்லர்கள் செய்கிற இடம். ஊரில் பாதிக் குடும்பம் அதை நம்பித்தான் இருந்தது. புருஷன் நெடுஞ்சாலை விபத்தில் போனபின் மகள் கொரினை வளர்க்க அந்தச் சம்பளம் போதவில்லை. அதனால் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக மைதானத்தில் பரிமாறவும் போனாள்.

அவள் அப்பா காலத்தில் மைதானத்தின் மேற்குப் பக்கம் முழுக்க மரப் பெஞ்சுகள். அப்பா அங்கே சீசன் டிக்கெட், வருஷத்து ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இருக்கை, வைத்திருந்தார். அவருக்குப் பின் அது தம்பி கேலன் பேருக்கு வந்தது. பிறகு பல்கலைக்கழகம் பெஞ்சுகளைப் பெயர்த்துவிட்டு வரிசையாகக் கண்ணாடி அறைகள் கட்டியது. அதே பக்கம் உட்கார வேண்டுமானால் டிக்கெட் விலைக்கு மேல் நன்கொடையும் தரவேண்டும், முடியாதவர்களுக்கு வடக்கு மூலை என்றார்கள். கேலன் வடக்கு மூலைக்குப் போனான். "பந்து இந்தப் பக்கமும் வராமலா போயிடும்?" என்று சிரித்தான்.

கண்ணாடி அறைகளைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. வங்கிக்கு ஒன்று, விதைக் கம்பெனிக்கு ஒன்று, ஹாக்ஸ்டாட்டுக்கு ஒன்று. பத்து வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால்தான் அறை. அந்தக் கையெழுத்துகளைக் காட்டித்தான் பல்கலைக்கழகம் கட்டடத்துக்குக் கடன் வாங்கியது. அறை வாடகையில் கடன் போக மிச்சப் பணத்தில் டிக்கெட் விற்காத விளையாட்டுகள் நடந்தன: மல்யுத்தம், ஓட்டம், நீச்சல். கொரின் நீச்சல் அணியில் இருந்தாள். அவள் படிப்புச் செலவு முழுவதையும் பல்கலைக்கழகம் ஏற்றிருந்தது.

அறைகளுக்குப் பொறுப்பாளர் ப்ரூவர் என்பவர். சீசன் தொடங்கும் முன் பரிமாறும் பெண்களை ஒன்றாகக் கூட்டிவைத்துச் சொல்வார்: "நீங்க ஊத்துற ஒவ்வொரு கிளாஸும் ஏதோ ஒரு பிள்ளையோட படிப்புமா. அறையில கேட்டது அறையோட போயிடணும். சரியா?"

ஹாக்ஸ்டாட் அறை ட்வைலாவுக்கே எப்போதும் ஒதுக்கப்பட்டது. முதலாளி ராய்ஸ் ஹாக்ஸ்டாட்டே அப்படிக் கேட்டு வாங்கியிருந்தார்.

ஒரு அக்டோபர் சனிக்கிழமை ராய்ஸோடு வெளியூர்க்காரர்கள் இருவர் வந்தார்கள். மைதானத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ட்வைலா ஓரமேசையில் இறைச்சி அரிந்துகொண்டிருந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி மூச்சு விடாதீங்க ராய்ஸ்," என்றார் ஒருவர். "உங்க ஆளுங்க கையில இருக்கற ஆர்டரை முடிச்சுக் குடுத்துடட்டும். மிஷினை மட்டும் நாங்க எடுத்துக்கறோம்."

"ஆளுங்க?"

"ஆளுங்க எங்க ஊர்லயே கிடைக்கறாங்களே."

ராய்ஸ் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் ஏதோ ஒன்றுக்கு ஆர்ப்பரித்தது. "சரி, மார்ச்சுல மூடிடலாம்," என்றார். பிறகு திரும்பித் தட்டை நீட்டினார். "ட்வைலா, இன்னும் ரெண்டு துண்டு போடு. எங்க ஃபேக்டரி சமையலே இவதான், தெரியுமா? இவ கைப் பக்குவம் யாருக்கும் வராது."

அவள் இரண்டு துண்டு வைத்தாள்.

கேலன் ஹாக்ஸ்டாட் தொழிற்சாலையில்தான் வெல்டர். மனைவி ஷானாவுக்கு இரண்டாவது குழந்தை வயிற்றில். வாடகை வீடு போதாதென்று கல்லூரிக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்திருந்தார்கள். வங்கிக் கடனுக்கு வரும் வாரம்தான் கையெழுத்து. ட்வைலாவுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். ஷானா பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லியும் இலவங்கப்பட்டை ரோலும் எடுத்துவைத்தாள். ட்வைலா கையே வைக்கவில்லை.

"கையெழுத்துப் போடாதடா," என்றாள்.

"என்னக்கா இப்படித் திடுதிப்புனு?"

சொன்னாள். கேலன் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"சரியாக் கேட்டியா? அந்தக் கூச்சல்ல..."

"கண்ணாடிக்குள்ள கூச்சல் ஏதுடா? பக்கத்துலதான் நின்னேன்."

ஷானாவின் முகம் மாறியது. "நாங்க ஒரு வீடு வாங்கறது உங்களுக்குப் பொறுக்கலையாக்கா?"

"அப்படி நெனைக்காதம்மா. வசந்தம் வரைக்கும் தள்ளிப் போடுங்க, போதும். வெளிய மட்டும் சொல்லிடாதீங்க. என் வேலை போயிடும்."

ஆனால் கேலன் மனசில் எதையும் பூட்டிவைக்கத் தெரியாதவன். திங்கட்கிழமை ராய்ஸ் வேலைத்தளத்துக்குள் நடந்து வரும்போது முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, எல்லார் காதிலும் விழக் கேட்டுவிட்டான். "சனிக்கிழமை கண்ணாடி அறையில பேசினீங்களாம், ஃபேக்டரிய மூடப் போறீங்களாமே?"

ராய்ஸ் ஒரு நொடிதான் நின்றார். பிறகு அவன் தோளில் கையைப் போட்டார். "யார்டா சொன்னது? எங்கப்பா கட்டின இடம்டா இது. நீ வீடு வாங்கறியாமே? தைரியமா வாங்கு. முதல் பார்பெக்யூவுக்கு நானே வர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்: "கேலன், உங்கக்கா அங்க கிளாஸைக் கழுவினாங்களா, காலி பண்ணினாங்களா?"

சிரிப்பு இன்னும் பெரிதானது. அந்த வாரமே கேலன் கையெழுத்துப் போட்டான்.

செய்தி எங்கிருந்து கசிந்தது என்று ராய்ஸ் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை ப்ரூவர் ட்வைலாவை அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"உங்களை நம்பித்தானே அந்த அறைய விட்டோம்?"

"நான் பொய் சொல்லலை."

"பொய்யா நெஜமான்னு நான் கேக்கவே இல்லையே. நாளைக்கு ஒவ்வொரு கம்பெனியும் இங்க வாயத் தொறக்க யோசிக்கும். பேச முடியாத இடத்துக்கு எவன் இவ்வளவு காசு குடுப்பான்? உங்க பொண்ணை நெனச்சுப் பாத்தீங்களா?"

"அவளை நெனச்சிருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன்," என்றாள் ட்வைலா. "தம்பியை நெனச்சேன்."

மைதானத்தில் பரிமாறும் சனிக்கிழமை வேலை அத்தோடு போனது. அன்று மாலை கொரின் போன் செய்தாள்.

"அம்மா, கோச் கேட்டாங்க, அறையில கேட்டதை வெளிய சொன்னது உங்கம்மாவான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்றது? பயிற்சிக்கு நேரமாச்சும்மா, வைக்கறேன்."

தொழிற்சாலைச் சமையல் வேலையிலிருந்து ராய்ஸ் அவளை விலக்கவில்லை. விலக்கினால் அவள் சொன்னது நிஜம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தக் குளிர்காலம் முழுவதும் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் அவளைச் சீண்டினார்கள். "மூடறது இன்னைக்கா, நாளைக்கா ட்வைலா? இன்னைக்குன்னா சூப்பு ரெண்டு கரண்டியா ஊத்து." அவள் ஒரு கரண்டிதான் ஊற்றினாள்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை எல்லாரையும் முற்றத்தில் கூட்டினார்கள். பேசியது ராய்ஸ் அல்ல, யாரோ ஒரு வக்கீல். பேசி முடிப்பதற்குள் மிஷின்களை ஏற்றிப்போக வெளியே லாரிகள் வந்து நின்றுவிட்டன. அன்றைக்கும் ட்வைலா சமைத்திருந்தாள். வந்து சாப்பிட்டவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயதான வெல்டர் ஒருவர் மட்டும் தட்டோடு அவள் முன்னால் நின்றார்.

"நீ சொன்ன," என்றார். தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும்," என்றுவிட்டு நகர்ந்தார்.

ஏப்ரலில் கேலன் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. ட்வைலா அங்கேதான் இருந்தாள், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு. டிக்கெட் அலுவலகத்துக்காக எல்லாரையும் கூப்பிடுகிற ஏதோ ஒரு மாணவி. கேலன் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், உங்க சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கணும். உங்க அப்பா காலத்துலேருந்து நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்!"

"அப்படியாம்மா? குடும்பத்துல ஒருத்தனுக்கு வேலை போச்சு. என்ன செய்வீங்க?"

அந்தப் பெண் திணறினாள். "தவணை... தவணை முறை இருக்கு சார்."

கேலன் கோபப்படவில்லை. "வேற ஆளுக்குக் குடுத்துடும்மா. நல்லா இரு," என்று வைத்தான். வெளியே போய் வண்டிக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஷானா அவனைக் கூப்பிடப் போகவில்லை.

மிஷின்களை வாங்கியவர்கள் கம்பெனியை வாங்கவில்லை. கம்பெனியே இல்லாமல் போனதால் கண்ணாடி அறைக்குப் போட்ட கையெழுத்தும் செல்லாமல் போயிற்று. அதைப் பார்த்து விதைக் கம்பெனியும் பாதித் தொகைக்குப் பேரம் பேசியது. கட்டடத்துக்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றது. கோடையில் பல்கலைக்கழகம் நீச்சல் அணியைக் கலைத்தது. படிப்புச் செலவைத் தொடர்ந்து தருவோம், நீந்தத்தான் இடமிருக்காது என்றார்கள். கொரின் ஒரு பருவம் வகுப்புக்குப் போனாள். பிறகு பெட்டியைக் கட்டினாள்.

"இரும்மா, படிப்பையாவது முடி," என்று கெஞ்சினாள் ட்வைலா.

"நீச்சல் பழக்கத்துல விடியறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துடுதும்மா. எழுந்து எங்க போறதுன்னு தெரியலை."

கொலராடோவில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். தாய்மேல் அவள் பழி எதுவும் சொல்லவில்லை. போன் செய்வதுதான் குறைந்துகொண்டே வந்தது.

கேலன் குழாய் வெல்டிங் வேலைக்கு வயோமிங் போனான். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு விற்பனைப் பலகை. அவன் வீட்டை வாங்க ஆளில்லாமல் கடைசியில் வங்கியே எடுத்துக்கொண்டது. ஷானா குழந்தைகளோடு கான்சஸில் தாய் வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. வயோமிங் கிளம்பும் முன் கேலன் அக்காவிடம் சொன்னான்: "நீ சொன்னதை நம்பாம இல்லக்கா. நம்பினதாலதான் போய்க் கேட்டேன். அவர் தோள்ல கை போட்டாரு. அப்பா செத்த பிறகு யாரும் அப்படிப் போட்டதில்ல."

அதற்கடுத்த வருஷ இலையுதிர்காலத்தில் மைதானத்தில் பரிமாற ஆள் கிடைக்கவில்லை. ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. ப்ரூவரே போன் செய்தார். நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. தொழிற்சாலை மூடியபின் சேர்ந்த முதியோர் இல்லத்தில் சமைத்து வரும் காசு வாடகைக்கே சரியாக இருந்தது. அதனால் போனாள். அவளுக்குக் கிடைத்தது அதே அறை. ஒரு சூதாட்ட விடுதி அதைப் பாதி விலைக்கு எடுத்திருந்தது.

மூன்றாவது ஆட்டத்தன்று அவர்களுடைய விருந்தாளியாக ராய்ஸ் உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, நடிப்பில்லாமல்.

"அட, ட்வைலா! நல்லா இருக்கியா? தம்பி எப்படி இருக்கான்?"

"வயோமிங்ல இருக்கான்."

"அங்க நல்ல சம்பளம். பொழைச்சுக்குவான், கெட்டிக்காரப் பய."

அவர் நீட்டிய தட்டில் அவள் இறைச்சியை வைத்தாள். சாறு ஊற்றினாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. ஆட்டம் முடிந்து வண்டிக்குள் வந்து உட்கார்ந்தபோது அந்த நடுங்காத கையை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது. சுற்றிலும் கொடி கட்டிய வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஊர் அணி ஜெயித்திருந்தது. கூட்டம் வடியும்வரை இருந்துவிட்டு, மறுநாள் காலை முதியோர் இல்லத்தில் கஞ்சி வைக்க வேண்டுமென்பதால் வீட்டுக்குப் போனாள்.